கச்சான் காற்றும் ஒரு கேஸ் அடுப்பும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், சிறு தீயில் வைத்திருந்த பால் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கூடத்திலிருந்து எழுந்துபோன என் அத்தை, அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏத்தா, அடுப்ப அமத்திட்டியா?" என்று குரல் கொடுத்தார். அத்தை என்பது என் கணவரின் தாயார். நான் அடுப்பை அமர்த்தவில்லை. போய்ப் பார்த்தபோது பர்னரில் தீ இல்லை. திருகு மட்டும் சிறு தீயின் குறியில் அப்படியே இருந்தது. தெற்கு ஜன்னலின் திரைச்சீலை பட்டம்போல் படபடத்துக்கொண்டிருந்தது. பாலில் ஏடுகூடக் கட்டியிருக்கவில்லை. அழுகிய முட்டைக்கோசின் வாடையை ஒத்த அந்த நெடி, நிற்கும்போது இலேசாகவும், கீழே கிடந்த மணையை எடுக்கக் குனிந்தபோது கடுமையாகவும் மூக்கில் ஏறியது.

திருகை மூடி, ரெகுலேட்டரையும் அணைத்து, மின்விளக்கையோ மின்விசிறியையோ தொடாமல், பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, இருவரும் ஆளுக்கொரு முறத்தை எடுத்துத் தரையோடு தரையாக வாசலை நோக்கி வீசினோம். அத்தைக்கு அந்த முறையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நெடி எங்கே கனமாக இருக்கிறதோ அங்கே வீச வேண்டும் என்பது அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது. சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தண்ணீரைப்போலத் தரையில் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது என்பதும், நாம் முகரும் நெடி, கசிவை நமக்குத் தெரிவிப்பதற்காகவே கலக்கப்படும் மெர்காப்டன் என்னும் பொருளுடையது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தக் கலப்படம்தான்.

எங்கள் வீடு வேதாளைக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்கரையில் இருக்கிறது. வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கி, ஆவணி வரையில் ஓயாது. நண்பகலுக்குப் பிறகு அதன் வேகம் கூடும். ஐப்பசியில் திசை மாறி, வடகிழக்கிலிருந்து வாடை வரும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காற்று வீட்டுக்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட ஊரில் கேஸ் அடுப்பு வாங்குவதற்கும், மதுரையிலோ திருச்சியிலோ வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை, முதல் அடுப்பை வீணாக்கிய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். இந்தப் பதிவு இரண்டாவது அடுப்பைப் பற்றியது. ஆனால் முதல் அடுப்பைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் விறகடுப்பு இருந்தது. இன்னும் கொல்லையில் இருக்கிறது. இராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேலம் இருக்கும்வரை எரிபொருளுக்குப் பஞ்சம் வரப்போவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மரம், கண்மாயையும் தரிசையும் தின்றுவிட்டது என்று நாம் ஒருபுறம் ஏசிக்கொண்டே, மறுபுறம் அதை வெட்டி அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மண்பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதன் விறகு நின்று எரியும், கங்கு நெடுநேரம் கனலும். காற்று அதை ஒன்றும் செய்யாது என்பதுடன், காற்று அடிக்க அடிக்க அது இன்னும் நன்றாகவே எரியும். காற்று அடித்ததும் அணைந்துபோகும் ஒரு நெருப்பை அத்தை தம் வாழ்நாளில் அதுவரை கண்டதில்லை. ஆனால் அந்தப் புகையை அறுபது ஆண்டுகள் விழுங்கிய அவருடைய கண்களும் நெஞ்சும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே 2019-இல் புது வீடு கட்டியபோது, சமையல் உள்ளே, கேஸில்தான் என்று என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் நாங்கள் வாங்கியது மூன்று பர்னர் கொண்ட கண்ணாடி அடுப்பு. கடையில் விளக்கொளியில் அது மிக அழகாக இருந்தது. கடைக்காரர் நிறத்தைப் பற்றியும், ஒரே திருகலில் தானே பற்றும் வசதியைப் பற்றியும் பேசினார். கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று அவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முதல் ஆண்டு முடிவதற்குள் தானே பற்றும் வசதி போயிற்று: பொறி தட்டும் முனையில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறிவிட்டது. இரண்டாம் ஆண்டில் பர்னரைச் சுற்றியிருந்த தட்டுகளில் ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மூன்றாம் ஆண்டில் அந்தப் புள்ளிகள் ஓட்டைகளாயின. நான்காம் ஆண்டில் அடுப்பைத் துடைப்பதற்காகத் தூக்கியபோது, அடியில் இருந்த நான்கு திருகாணிகளில் இரண்டு பொடிந்து கையோடு வந்தன. கண்ணாடிக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. நகைப்பெட்டி முழுதாக இருக்க, உள்ளே இருந்த நகை மட்டும் கரைந்துபோனதைப் போன்ற நிலை அது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். அந்த உலோகத்தில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது என்பது உண்மையே. ஆனால் கடலுப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து, துளைத்த இடத்திலிருந்து உள்நோக்கிக் குடைந்துகொண்டு போகும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு கரைசலாகிவிடும். எங்கள் ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அடுப்பு பகலில் தீயால் காய்வதும் இரவில் உப்புநீரில் நனைவதுமாக, ஒவ்வொரு நாளும் ஒரு சிறு சோதனைக்கு ஆளாகிறது. 1914-இல் கட்டிய பாம்பன் பாலத்தில், தூக்கும் பகுதியை உப்பு அரித்ததால்தான் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை இராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏறிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அடுப்புத் தட்டைப் பற்றிக் குறைப்பட என்ன இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

இந்த நிலையில்தான் ஆனி மாதத்துச் சம்பவம் நடந்தது. புது அடுப்பு வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவான அன்று மாலை, டொராண்டோவில் இருக்கும் என் கொழுந்தன் அலைபேசியில் பேசினார். தற்செயலாக அந்த வாரம்தான் அவர்களும் வீட்டுக் கூடத்தில் கேஸில் எரியும் கணப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் விறகுக்கட்டைபோல் செய்த பீங்கான் கட்டைகளுக்கு நடுவே தீ எரிகிறது. அத்தை அதைத் திரையில் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தடா ஆக்குவீக?" என்று கேட்டார். ஒன்றும் ஆக்க முடியாது, குளிருக்குத்தான் என்று அவர் விளக்கியது அத்தைக்கு அவ்வளவாக ஏறவில்லை. எனக்கோ வேறொன்று பிடிபட்டது. அந்தக் கணப்பின் தீ, வீட்டுக்குள்ளிருக்கும் காற்றைத் தொடுவதே இல்லை. சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாய்க்குள் குழாயாக ஓர் அமைப்பு இருக்கிறது. வெளிக்குழாய் வழியாக எரிவதற்கான காற்று உள்ளே வருகிறது, உள்குழாய் வழியாக எரிந்த புகை வெளியே போகிறது, முன்பக்கக் கண்ணாடி இறுக மூடியிருக்கிறது. கண்ணாடி கொதிக்கும் என்பதால் குழந்தைகள் தொடாதபடி முன்னால் ஒரு கம்பி வலை உண்டு. தீ அணைந்தால் வாயு தானாக நின்றுவிடும். ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளியைத் தவிர வேறு யாரும் அதைப் பொருத்தக் கூடாதாம்.

"இடத்த முடிவு பண்ணத்தான் மதனி ரொம்ப நாளாச்சு. எந்தச் சுவரு, வெளியில குழா எங்க போயி நிக்கும், பக்கத்துல ஜன்னல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் கணப்பையே காட்டுனாங்க" என்றார் கொழுந்தன். நாங்கள் 2019-இல் செய்தது முற்றிலும் தலைகீழ். முதலில் அடுப்பை வாங்கினோம். பிறகு, மேடையில் எங்கே இடம் காலியாக இருந்ததோ அங்கே வைத்தோம்.

எங்கள் அடுக்களை, மனையடி சாத்திரப்படி வீட்டின் அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் வெளிச்சுவர். தெற்குச் சுவரில் பெரிய ஜன்னல். வடக்கே கொல்லைப்புற முற்றத்துக்குப் போகும் கதவு. சமையல் மேடை தெற்கு ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது, கடலைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்ற என் ஆசையால். கச்சான் அந்த ஜன்னலில் நுழைந்து வடக்குக் கதவு வழியாக வெளியேறுகிறது என்பதும், வழியில் அது முதலில் சந்திப்பது அடுப்பையே என்பதும் ஐந்து ஆண்டுகளாக எங்கள் கண்முன் நடந்துகொண்டிருந்தவை. நண்பகலில் சோறு வேக ஏன் நேரமாகிறது, சிலிண்டர் ஏன் அக்கம்பக்கத்தாருக்கு வருவதைவிட ஒரு வாரம் குறைவாக வருகிறது என்பவற்றுக்கெல்லாம் விடை அங்கேதான் இருந்தது. காற்று தீயை ஒருபக்கமாகச் சாய்த்தால், அந்தச் சூடு பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடுகிறது. இந்தியத் தரநிலைப்படி வீட்டு அடுப்பின் வெப்பத்திறன் 68 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆனால் அந்த எண் காற்றசைவில்லாத சோதனை அறையில் அளக்கப்படுவது, எங்கள் அடுக்களையில் அளக்கப்படுவதன்று.

ஆகவே நான் கடைக்குப் போகவில்லை. முதலில் ஊதுவத்தி ஏற்றினேன். ஒரு வாரம், காலை, நண்பகல், அந்தி என்று மூன்று வேளையும், அடுக்களையின் ஐந்து இடங்களில், மேடையின் உயரத்தில் ஊதுவத்தியைப் பிடித்து, புகை நேராக எழுகிறதா, வளைகிறதா, அறுபடுகிறதா என்று பார்த்துப் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டேன். தெற்கு ஜன்னலடியில் புகை எழவே இல்லை. வத்தியின் நுனியிலேயே சிதறியது. நடுவில், கதவுக்கு நேராக, கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல் வடக்கே போயிற்று. கிழக்குச் சுவரின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு சாண் உயரம் நேராக ஏறி, பிறகு சோம்பலாக வளைந்தது. கிழக்குச் சுவரில் ஜன்னல் இல்லை; கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுப்போக்கி ஒன்று இருந்தது, சூடான காற்றும் எரிந்த வாயுவும் வெளியேற அது போதும். சுவரை அறவே அடைத்துவிட்டால் காற்றுத் தொல்லை தீரும் என்று யாரேனும் நினைத்தால் அது வேறோர் ஆபத்து: போதிய காற்றில்லாமல் எரியும் தீ மஞ்சளாகி, கரிபிடித்து, மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். காற்று அறைக்குள் வர வேண்டும், தீயின்மேல் மட்டும் அடிக்கக் கூடாது. கொத்தனாரிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மேடையைத் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினால் சமைப்பவர் கிழக்கு முகமாக நிற்பார் என்பது அத்தைக்குப் பெருத்த மகிழ்ச்சி. "அன்னைக்கே சொன்னேன்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையாகவே சொல்லியிருந்தார். கடப்பாக்கல் மேடையை அவருடைய உயரத்துக்கு ஏற்ப 30 அங்குலத்தில் அமைத்து, அடுப்பின் தெற்குப் பக்கத்தில் ஒன்றேகால் அடி உயரத்துக்கு அதே கல்லில் ஒரு மறைப்பை நிறுத்தினோம். கொல்லையில் விறகடுப்புக்குத் தென்னங்கீற்றால் கட்டும் காற்றுமறைப்பின் கல்வடிவம்தான் அது.

சிலிண்டரைப் பற்றி வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. அதை வெளியே வைத்துச் செம்புக்குழாய் வழியாக உள்ளே கொண்டுவரலாம் என்பது என் கணவரின் எண்ணம். எங்கள் கரையில் அப்படிச் செய்தவர்களின் வீடுகளைப் போய்ப் பார்த்தேன்: உப்புக்காற்றில் சிலிண்டரின் அடிவளையம் செதில் செதிலாக உரிந்திருந்தது, ரெகுலேட்டரின் விசை இறுகிக் கிடந்தது, செம்பு பச்சையாகியிருந்தது. ஆகவே உள்ளேயே, மேடைக்குக் கீழே, கதவில்லாத திறந்த மாடத்தில் நிமிர்த்தி வைத்தோம். அடுப்பைவிடச் சிலிண்டர் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். படுக்கவைக்கவே கூடாது, வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் ஏறிவிடும். அந்த மாடத்துக்கு நேரே, வெளிச்சுவரில் தரைமட்டத்தில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு, எலி வராமல் வலை அடித்தோம். கசியும் வாயு தரையோடு போகும் என்றால் வழியும் தரையோடுதானே இருக்க வேண்டும். கொத்தனார் இதை வீண் வேலை என்றே கடைசிவரை நினைத்தார்.

இடம் தயாரான பிறகு அடுப்பைத் தேடி இராமநாதபுரம் போனோம். இம்முறை கடைக்காரர் பேசுவதற்குமுன் நான் அடுப்புகளைக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினேன். மேலே தெரிவதைவிட அடியில் தெரிவதுதான் நமக்கு முக்கியம்: திருகாணிகள் எவர்சில்வரா முலாம் பூசியவையா, வாயு செல்லும் குழாய் எதனால் ஆனது, பர்னருக்குக் கீழே வாயுவும் காற்றும் கலக்கும் குழல் மெல்லிய தகடா வார்ப்பா என்பவை. எவர்சில்வரிலும் பல வகை உண்டு. 304 என்பதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும்; 202 என்பதில் விலை குறைப்பதற்காக நிக்கலில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள்; கடற்கரையில் 202 விரைவில் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் 202-இலும் காந்தம் ஒட்டாது. எந்த வகை என்று பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே வழி. அச்சிடாதவற்றை நான் ஒதுக்கினேன்.

கண்ணாடியா எவர்சில்வரா என்ற கேள்விக்கு என் விடை, உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணாடியை உப்பு தின்னாது, துடைப்பதும் எளிது. ஆனால் அத்தை இரும்புச் சட்டியை வைக்கும் விதத்தையும், கொதிக்கும் மேடையில் ஈரத்துணியைப் போடும் விதத்தையும் அறிந்தவள் என்ற முறையில், பதப்படுத்திய கண்ணாடிதான் என்றாலும் அது எத்தனை நாளைக்கு என்று எனக்கு ஐயம். 304 எவர்சில்வர் மேற்பரப்பையே தேர்ந்தேன். பர்னர் பித்தளை, கனமானதாக, துளைகள் ஒரே சீராக அறுக்கப்பட்டதாக இருந்தால் போதும். மூன்று பர்னருக்குப் பதில் இரண்டு: மூன்றாவது, ஐந்து ஆண்டுகளில் தீபாவளி பொங்கல் தவிர எரிந்ததில்லை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், பெரிய மீன்சட்டியும் சோற்றுப் பானையும் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்மேல் 4246 என்ற தரநிலை எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான். தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு வேண்டும் என்றேன். மேடையில் பதிக்கும் வகை அடுப்புகள் சிலவற்றில் அது உண்டு, மேடைமேல் வைக்கும் வகையில் அரிது என்பதால் முதல் இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் வரவழைத்துத் தர ஒப்புக்கொண்டு, பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அமைப்பின் உள்வேலை மிக எளியது. பர்னரின் ஓரத்தில் சுட்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோக முனை தீயில் நனைந்தபடி நிற்கும். இரு வேறு உலோகங்களை இணைத்த அந்த முனை சூடேறினால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். அந்த மின்சாரம் திருகுக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைப் பிடித்துவைத்து வாயுவின் வழியைத் திறந்தே வைத்திருக்கும். தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வில் தள்ளி வழியை மூடும். வெளி மின்சாரமோ மின்கலமோ வேண்டாம். ஒரே ஒரு சங்கடம்: பற்றவைத்த பிறகு முனை சூடேறும்வரை சில நொடிகள் திருகை அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டும். அத்தைக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கை எடுத்ததும் தீ அணைய, இரண்டு நாள் அடுப்பைத் திட்டினார். ஐந்தாம் நாளிலிருந்து அந்த நொடிகளில் முருகா முருகா என்று ஐந்துமுறை சொல்லிவிட்டுக் கையெடுக்கிறார், சரியாக இருக்கிறது.

பொருத்திய நாளில் ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி பழைய ரப்பர் டியூப்பை எடுத்துவிட்டு, உள்ளே கம்பிவலை வைத்துச் செய்த ஆரஞ்சு நிற டியூப்பைப் போட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். ஒன்றரை மீட்டருக்குமேல் நீளம் கூடாது. சுவருக்குள்ளோ பர்னருக்குப் பின்னாலோ ஓடக் கூடாது. ஆணி அடித்து மாட்டிய பையில் அன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். புதுச் சிலிண்டரை இறக்கியபோது, கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்தேன். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர், அதன் பக்கத்திலுள்ள எண் ஆண்டு. அந்தக் காலத்துக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குப் போயிருக்க வேண்டும், கெடு தாண்டியதை நாம் வாங்க மறுக்கலாம். எடையும் போடச் சொன்னேன்: காலிச் சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்துக் காட்ட வேண்டும். வால்வுக்குள் இருக்கும் கறுப்பு வாசர் வெடித்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்து, ரெகுலேட்டரை மாட்டி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினார் அந்தத் தம்பி. டியூப், அடுப்பில் சேரும் இடத்தில் ஒரு குமிழி மெல்ல ஊதி உடைந்தது. இறுக்கினார்; மறுபடியும் தடவினார்; நுரை அசையாமல் கிடந்தது. நான் மூச்சுவிட்டது அப்போதுதான். கசிவு என்றால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை அவரே கரித்துண்டால் மாடத்தின் சுவரில் எழுதிவிட்டுப் போனார். வெள்ளையடித்த சுவரில் அப்படி எழுதலாமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை; ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவு சமையல் முடிந்து அடுப்பு ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் துடைக்கிறேன். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: எங்கள் கிணறு உவர், அதில் துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு அடுப்புக்கென்று எடுத்து வைத்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை பர்னரைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, துளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்திவிடுகிறேன். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தீ கெட்டுவிடும். கீழேயுள்ள ஜெட்டை, அதாவது வாயு பீய்ச்சி வரும் சிறு துளையுள்ள முனையை, நான் தொடுவதில்லை.

குழாய் வழியே எரிவாயு வரப்போகிறது என்ற பேச்சும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே மண்ணுக்கடியில் எடுக்கும் வாயுவைக் கொண்டு வழுதூரில் மின்சாரமே தயாரிக்கிறார்கள். வந்தால் இதே அடுப்பில் ஜெட்டுகளை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் அது மீத்தேன், அழுத்தமும் வெப்பமும் வேறு. அதோடு அது காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். என் செங்கல் ஓட்டை அன்றைக்கு வேலையற்றுப் போகலாம். கூரையடிக் காற்றுப்போக்கி கைகொடுக்கும்.

இந்த ஆண்டு வைகாசியில் கச்சான் தொடங்கியபோது நான் தினமும் அடுப்பருகே நின்று பார்த்தேன். தீ வடக்கே இலேசாகச் சாய்ந்தது, மறைப்பின் ஓரத்தில் துடித்தது, ஆனால் நின்று எரிந்தது. சிலிண்டர் முன்னைவிட ஒன்பது நாள் கூடுதலாக வந்தது. மீன்குழம்பு மட்டும் இன்னும் கொல்லையில் விறகில்தான் கொதிக்கிறது; அதைப் பற்றி நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனி நடுவில் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பையன் கிணற்றடிப் பந்தை எடுக்க ஓடிவந்து, கூடத்து வாசலையும் பின்கதவையும் ஒரே நேரத்தில் அகலத் திறந்துவிட்டுப் போய்விட்டான். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அடுக்களையில், சிறு தீயில் பால். இறங்கி வருவதற்குள், "டிக்குன்னு சத்தம் கேட்டுச்சுத்தா, அதுவே அமந்துக்கிருச்சு" என்று கூடத்திலிருந்து அத்தை சொன்னார். குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஈரக் கடப்பாக்கல்லின் வாடை மட்டும் இருந்தது. பின்கதவைச் சாத்திவிட்டு, திருகை அழுத்திப் பிடித்துத் தீ மூட்டி, நானும் ஐந்துமுறை முருகா சொன்னேன்.